கருந்துளைக்குள் போனது போனதுதானா? அணுத்துகள் மட்டும் தப்புமா?

நூலேணி:
எனக்கும் என் மச்சானுக்கும் இரண்டு நாளாக ஓயாத வாக்குவாதம். கருந்துளை பற்றி எதைப் படித்தாலும் இரண்டு வாக்கியங்கள் கண்ணில் படுகின்றன. ஒன்று, "கருந்துளையிலிருந்து ஒளிகூடத் தப்ப முடியாது". இன்னொன்று, "கருந்துளை துகள்களை உமிழ்ந்து மெல்ல மெல்லக் கரைந்துபோகும்". பல நேரம் இரண்டும் ஒரே கட்டுரையில் நாலு பத்தி இடைவெளியில் வருகின்றன, எழுதியவருக்கே உறுத்தவில்லை போல.

ஒளியே தப்பாத இடத்திலிருந்து துகள் எப்படி வரும்? எலக்ட்ரான் மாதிரியானவை எடையே இல்லாத அளவுக்குச் சிறியவை, ஈர்ப்பு அவற்றை அவ்வளவாகப் பிடிக்காது, அதனால் நழுவிவிடும் என்பது என் கட்சி. "போனது போனதுதான்" என்கிறான் மச்சான். தெரிந்தவர்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.

சுழியம்:
என் ஓட்டு மச்சானுக்கு.

சிறியது என்பதால் நழுவும் என்ற வாதம் வாசலிலேயே அடிபடுகிறது. ஈர்ப்புக்குச் சின்னது பெரியது என்ற பேதம் கிடையாது. பூமியின் தரையிலிருந்து விடுபட வினாடிக்கு 11.2 கி.மீ. வேகம் வேண்டும். ராக்கெட்டுக்கும் அதே கணக்குதான், ஒற்றை ஹைட்ரஜன் அணுவுக்கும் அதே கணக்குதான்.

இன்னொன்று, கருந்துளை என்றதும் நாம் மனதில் வைத்துக்கொள்ளும் படமே 18-ஆம் நூற்றாண்டுப் படம். 1783-இல் ஜான் மிச்செல் என்ற ஆங்கிலப் பாதிரியார், ஒளியையே இழுத்துத் திருப்பும் அளவுக்குப் பெரிய விண்மீன் இருக்கலாம் என்று எழுதினார். அவருடைய விண்மீனிலிருந்து கிளம்பும் ஒளி, மேலே எறிந்த கல்லைப் போலக் கொஞ்ச தூரம் ஏறித் திரும்பி விழும். பக்கத்தில் நிற்பவர் அதைப் பார்க்கலாம். ராக்கெட்டை விடாமல் எரித்துக்கொண்டே இருந்தால் நிதானமாக ஏறி வெளியே வந்தும் விடலாம்.

அது கருந்துளை இல்லை. ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியல் சொல்வது வேறு. நிகழ்வெல்லையை, அதாவது திரும்பி வர முடியாத அந்தக் கோட்டை, தாண்டிவிட்டால் மையம் என்பது உங்களுக்கு முன்னால் இருக்கும் ஓர் இடம் அல்ல, வரப்போகும் நேரம். நாளைக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்துப் பாருங்கள், அந்தக் கதைதான். பால்வீதியின் நடுவில் இருப்பது 40 லட்சம் சூரியன்களுக்கும் சற்று அதிகமான நிறை உள்ள கருந்துளை. அதன் எல்லையைக் கடந்தவருக்கு, அவருடைய கைக்கடிகாரப்படி மிச்சம் இருப்பது அதிகபட்சம் ஒரு நிமிடமும் சில வினாடிகளும். எஞ்சினை எவ்வளவு முடுக்கினாலும் அது நீளாது. எலக்ட்ரானுக்குச் சலுகை எதுவும் இல்லை.

துடிவிண்மீன்:
சுழியம் அழகாக விளக்கியிருக்கிறார், ஆனால் பொதுச் சார்பியலோடு 1916-லேயே நின்றுவிட்டார். இதில் குவாண்டம் எங்கே?

1974-இல் ஸ்டீஃபன் ஹாக்கிங் போட்ட கணக்கைத் தவிர்த்துவிட்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. கருந்துளைக்கு வெப்பநிலை உண்டு. சூரியன் அளவு நிறை உள்ளதற்கு ஒரு கெல்வினில் ஒன்றரைக் கோடியில் ஒரு பங்கு, நம்ப முடியாத குளிர், ஆனாலும் பூஜ்யம் இல்லை. வெப்பம் இருந்தால் கதிர்வீச்சு இருக்கும், கதிர்வீச்சு போனால் நிறை குறையும். கடைசியில் கருந்துளையே இருக்காது.

என் கேள்வி எளிமையானது. உள்ளே இருப்பது குறைகிறது. வெளியே இருப்பது கூடுகிறது. இதற்கு 'வெளியேறுதல்' என்று பெயர் இல்லையென்றால் வேறு என்ன பெயர்?

கடைசிபெஞ்ச்:
கணக்கில் இருப்பு குறைந்தால் யாரோ பணம் எடுத்திருக்கிறார்கள். இதற்கு ஏன் ஐன்ஸ்டைன், ஹாக்கிங் எல்லாம்?

சுழியம்:
கடைசிபெஞ்ச் விளையாட்டாகச் சொன்னாலும் நல்ல உவமைதான், எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் வங்கியில் ஒரு நோட்டைக் கட்டுகிறீர்கள். மறுநாள் இன்னொருவர் வேறொரு நோட்டை எடுத்துப் போகிறார். வங்கியின் இருப்பு குறைந்தது உண்மை. நீங்கள் கட்டிய நோட்டு தப்பித்துவிட்டது என்று சொல்வீர்களா? திரியைத் தொடங்கியவர் கேட்டது உள்ளே விழுந்த துகள் வெளியே வருமா என்று. வராது.

துடிவிண்மீன், அடுத்து அந்தப் பிரபலமான ஜோடித் துகள் கதையைக் கொண்டுவருவீர்கள் என்று தெரியும். எல்லையில் ஒரு ஜோடி பிறக்கிறது, ஒன்று உள்ளே விழுகிறது, மற்றது வெளியே ஓடுகிறது, இல்லையா? இந்தப் படத்தை ரொம்ப நேரடியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 1975 கட்டுரையில் ஹாக்கிங்கே எச்சரித்திருக்கிறார். காரணம் எளிது. சூரிய நிறை கருந்துளையின் குறுக்களவு சுமார் 6 கி.மீ. அதிலிருந்து வரும் கதிர்வீச்சின் வழக்கமான அலைநீளமோ கிட்டத்தட்ட 50 கி.மீ. துளையைப் போல எட்டு மடங்கு நீளமான ஓர் அலை, எல்லைக்கோட்டின் இந்த இடத்தில் பிறந்தது என்று விரல் நீட்டிக் காட்ட முடியுமா? அது கருந்துளையைச் சுற்றியுள்ள வளைந்த வெளி முழுவதிலும் உருவாகிறது. உள்ளே இருந்து வருவதில்லை.

அப்புறம், வருவது என்ன என்றும் பார்க்க வேண்டும். அவ்வளவு குளிரில் வருவதெல்லாம் ஆற்றல் மிகக் குறைந்த ஃபோட்டான் (ஒளித்துகள்) போன்ற நிறையற்றவைதான். ஓர் எலக்ட்ரான் வர வேண்டுமானால் கருந்துளை சில நூறு கோடி கெல்வினுக்குச் சூடேற வேண்டும். அப்படியானால் அதன் நிறை ஒரு மலை அளவுக்கும், அகலம் அணுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சிறியதாகவும் இருக்க வேண்டும். அப்படி ஒன்றை இதுவரை யாரும் கண்டதில்லை.

மொட்டைமாடி:
தொலைநோக்கிக்காரன் ஒருவனின் சந்தேகம். கோட்பாட்டை விடுங்கள், கண்ணால் பார்ப்பதற்கு என்ன சொல்வீர்கள்? எம்87 விண்மீன்திரளின் நடுவிலிருந்து சுமார் 5,000 ஒளியாண்டு நீளத்துக்கு ஒரு தாரை பீறிடுகிறது. 2019-இல் படம் வந்ததே, 650 கோடி சூரிய நிறை உள்ள அதே கருந்துளை. 2017 செப்டம்பரில் தென்துருவத்தில் பனிக்கு அடியில் இருக்கும் ஐஸ்கியூப் என்ற உணர்கருவி பிடித்த நியூட்ரினோவும் இதே போன்ற ஒரு தாரையிலிருந்து வந்ததாகத்தானே சொன்னார்கள்? நியூட்ரினோ அணுத்துகள் இல்லையா?

துடிவிண்மீன்:
அணுத்துகள்தான். ஆனால் இதில் நான் உங்கள் பக்கம் வர முடியாது. அந்தத் தாரைகளில் இருப்பவை எல்லையைத் தொடாதவை. விழப்போகும் வாயு வட்டமாகச் சுழன்று கொதிக்கிறது, காந்தப்புலம் அதில் ஒரு பகுதியை வாரி எறிகிறது. விழுவதற்கு முன்பே திசைமாறியவை.

சுழியம்:
முதல் முறையாக ஒத்துப்போகிறோம், தேதியைக் குறித்து வையுங்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். தாரைக்கு வேண்டிய ஆற்றலைக் கருந்துளையின் சுழற்சியிலிருந்தே கறக்கலாம். பென்ரோஸ் 1969-இல் இதற்கு ஒரு வழி சொன்னார், 1977-இல் பிளாண்ட்ஃபோர்டும் ஸ்னாயெக்கும் காந்தப்புலத்தை வைத்து இன்னொரு வழி சொன்னார்கள். அதிவேகமாகச் சுழலும் கருந்துளையின் நிறையில் 29 விழுக்காடு வரை அப்படிச் சுழற்சியாக இருக்கலாம். அதுவும் எல்லைக்கு வெளியே நடக்கும் கறவைதான்.

மொட்டைமாடி:
சரி, தாரையை விடுகிறேன். 2015 செப்டம்பர் 14 என்ன ஆகும்? லைகோ ஆய்வகம் முதன்முதலில் பிடித்த ஈர்ப்பலை, அதாவது காலவெளியில் பரவும் அதிர்வு. 36 சூரிய நிறை ஒன்று, 29 சூரிய நிறை ஒன்று, இரண்டும் மோதி ஒன்றாயின. மொத்தம் 65 வர வேண்டும். வந்தது 62. மீதி 3 சூரியன் ஈர்ப்பலையாகப் போய்விட்டது என்கிறார்கள். அங்கே வாயுவும் இல்லை, வட்டும் இல்லை, வெறும் இரண்டு கருந்துளைகள். 3 சூரியன் எங்கிருந்து தப்பியது?

கடைசிபெஞ்ச்:
ஆகா. இப்போது சூடு பிடிக்கிறது.

சுழியம்:
இந்தத் திரியிலேயே இதுதான் சிறந்த கேள்வி. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

உள்ளேயிருந்து ஏதாவது தப்பியிருந்தால் நிகழ்வெல்லையின் பரப்பு சுருங்கியிருக்க வேண்டும். எல்லையின் ஆரம் நிறைக்கு ஏற்ப வளரும், சூரிய நிறை ஒன்றுக்கு 3 கி.மீ. அப்படியானால் பரப்பு நிறையின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். மோதலுக்கு முன்: 36-இன் வர்க்கம் 1296, 29-இன் வர்க்கம் 841, கூட்டினால் 2137. மோதலுக்குப் பின்: 62-இன் வர்க்கம் 3844. நிறை குறைந்திருக்கிறது, பரப்போ ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருக்கிறது! அந்த 3 சூரியன் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கிச் சுழன்றபோது வெளியே இருந்த வளைந்த காலவெளியின் ஆற்றல். எல்லைக்குள் புகுந்த எதையும் திருப்பித் தரவில்லை. 1971-இல் ஹாக்கிங் நிறுவிய பரப்புத் தேற்றம் இதுதான்: பரப்பு ஒருபோதும் குறையாது.

துடிவிண்மீன்:
கணக்கில் ஒரு ஓட்டை. மிஞ்சிய கருந்துளை சும்மா நிற்கவில்லை, உச்ச வரம்பில் கிட்டத்தட்ட 67 விழுக்காடு வேகத்தில் சுழல்கிறது. சுழல்வதன் பரப்பு அதே நிறைக்குக் கொஞ்சம் குறையும். 3844 என்பதை 3350 பக்கம் கொண்டுவாருங்கள்.

சுழியம்:
ஒப்புக்கொள்கிறேன், சுழற்சியை விட்டுவிட்டேன். 2137-ஐவிட 3350 பெரியதுதானே?

துடிவிண்மீன்:
பெரியதுதான். ஆனால் நீங்களாகவே வலையில் வந்து விழுந்துவிட்டீர்கள். 1971-இல் "பரப்பு குறையாது" என்ற அதே மனிதர் 1974-இல் என்ன சொன்னார்? கதிர்வீச்சால் பரப்பு குறையும் என்றார். நீங்கள் கோட்டையாகக் காட்டும் தேற்றத்தை உடைப்பதே நான் பேசும் கதிர்வீச்சுதான். பரப்பு சுருங்கினால் உள்ளேயிருந்து தப்பியதாக அர்த்தம் என்று எழுதியது நான் இல்லை, நீங்கள்!

நூலேணி:
மச்சானிடம் இதைக் காட்டிவிட்டேன். முகம் மாறிவிட்டது. தொடருங்கள்.

சுழியம்:
அவசரப்பட்டுக் கொடியேற்றாதீர்கள் நூலேணி.

என் வாக்கியத்தைத் திருத்திக்கொள்கிறேன். பரப்புத் தேற்றம் ஒரு நிபந்தனையோடு வருகிறது: உள்ளே விழும் ஆற்றல் எதிர்மறையாக இருக்கக் கூடாது. சாதாரணப் பொருள் எதுவும் இந்த நிபந்தனையை மீறுவதில்லை. குவாண்டம் புலம் மீறும். ஹாக்கிங் கணக்கில் எல்லையைக் கடந்து உள்ளே போவது எதிர்மறை ஆற்றல். அதே வங்கியில் சொன்னால், இருப்பு குறைந்தது யாரும் பெட்டகத்தைத் திறந்து எடுத்ததால் அல்ல. உள்ளே கடன் போனது. பெட்டகத்தின் கதவு ஒருவழிக் கதவாகவேதான் இருக்கிறது.

துடிவிண்மீன்:
கடன் உவமை நன்றாக இருக்கிறது, ரசித்தேன். ஆனால் அது பல படங்களில் ஒரு படம். 2000-இல் பாரிக்கும் வில்செக்கும் அதே முடிவை வேறு பாதையில் எடுத்தார்கள். அவர்கள் பாதையில் துகள் எல்லைக்குச் சற்று உள்ளே இருந்து, குவாண்டம் சுரங்கம் வழியாக வெளியே வருகிறது. கதிரியக்க அணுக்கருவிலிருந்து ஆல்ஃபா துகள் வருகிறதே, அந்தத் தோரணையில். தாண்ட வேண்டிய சுவரை உண்டாக்குவதும் அந்தத் துகள்தான்: அது ஆற்றலை எடுத்துக்கொண்டு கிளம்புவதால் கருந்துளை சுருங்குகிறது, எல்லை உள்வாங்குகிறது. ஆற்று மணலில் நின்றுகொண்டிருப்பவன் நகராமலே, தண்ணீர் வற்றி அவன் கரையில் இருப்பது போல.

சுழியம்:
பாருங்கள், நீங்களே சொல்கிறீர்கள். துகள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் பின்வாங்கியது. தவிர, அந்தத் துகளும் எல்லைக்கு அருகே புதிதாகப் பிறந்த ஜோடியில் ஒன்று. போன வருடம் விழுந்த எலக்ட்ரான் இல்லை. நோட்டு வேறு!

துடிவிண்மீன்:
அங்கேதான் வர வேண்டும் என்று காத்திருந்தேன். ரூபாய் நோட்டில் வரிசை எண் இருக்கிறது. எலக்ட்ரானில் இருக்கிறதா?

பிரபஞ்சத்தில் உள்ள எலக்ட்ரான்கள் அனைத்தும் ஒன்றே போன்றவை. "கிட்டத்தட்ட" அல்ல, முழுமையாக. இரண்டை இடம் மாற்றிவைத்தால் மாற்றினோம் என்று சொல்லவே வழியில்லை என்பதுதான் குவாண்டம் புள்ளியியலின் அடித்தளம். அணுவில் எலக்ட்ரான்கள் அடுக்கடுக்காக அமர்வதும் அதனால்தான். அப்படியிருக்க "அதே எலக்ட்ரான் வெளியே வந்ததா" என்ற கேள்விக்கே பொருள் கிடையாது. கேட்கத்தக்கது ஒன்றுதான்: உள்ளே போனதைப் பற்றிய தகவல் வெளியே வருகிறதா?

அந்தக் கேள்விக்கு ஹாக்கிங் 1976-இல் "இல்லை, அழிந்துவிடும்" என்றார். 1997-இல் அவரும் இயற்பியலாளர் கிப் தார்னும் ஒரு பக்கம், இன்னொரு இயற்பியலாளர் ஜான் பிரெஸ்கில் மறுபக்கம் என்று பந்தயமே கட்டினார்கள். 2004-இல் டப்ளின் மாநாட்டில் ஹாக்கிங் தோல்வியை ஒப்புக்கொண்டு பிரெஸ்கிலுக்கு ஒரு பேஸ்பால் கலைக்களஞ்சியத்தைக் கொடுத்தார். தார்ன் அப்போது இறங்கி வரவில்லை. தகவல் வெளியே வருவதாக இருந்தால் எப்போது வரத் தொடங்க வேண்டும் என்று 1993-இலேயே டான் பேஜ் கணித்திருந்தார்: கருந்துளை கரையும் பாதையில் ஏறக்குறைய பாதி வழியில். 2019-இல் தனித்தனியாக வெளியான இரண்டு ஆய்வுகள், எளிமையாக்கிய மாதிரிகளில்தான் என்றாலும், பேஜ் கணித்த அந்தப் போக்கை ஈர்ப்புக் கணக்கிலிருந்தே பிடித்துவிட்டன. தகவல் வருகிறதென்றால் எனக்கு அது போதும், துகள் வந்த மாதிரிதான்.

கடைசிபெஞ்ச்:
எரித்த கடிதத்தின் புகையும் சாம்பலும் முழுசாகக் கிடைத்தால் கடிதம் கிடைத்த மாதிரிதான் என்கிறீர்கள். என் பழைய காதல் கடிதங்களுக்கு இது கெட்ட செய்தி.

சுழியம்:
இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

"அதே எலக்ட்ரான்" என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். அது தவறான சொல். நோட்டு உவமையும் அதோடு போகட்டும்.

ஆனால் அதற்குப் பதிலாக ஒன்றை வைக்கிறேன், இதை உடையுங்கள் பார்க்கலாம். உள்ளே விழுந்த ஒருவர் கையில் எலக்ட்ரான் துப்பாக்கி இருக்கிறது. வெளியே நிற்கும் எனக்கு "நலம்" என்று ஒரு சமிக்ஞை அனுப்ப நினைக்கிறார். எந்தத் துகளை எந்த வேகத்தில் சுட்டாலும் அது எனக்கு வந்து சேராது. அவருக்கு மிச்சம் இருப்பதோ சில வினாடிகள். நீங்கள் சொல்லும் தகவல், சூரிய நிறைக்கு, 1-க்குப் பின்னால் 67 பூஜ்யம் போட்ட ஆண்டுகள் என்ற அளவில் மெல்ல மெல்லக் கசிந்து, எல்லாத் துகள்களிலும் சிதறிக் கலந்து வருகிறது. இரண்டையும் 'தப்புதல்' என்ற ஒரே சொல்லால் அழைப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. இப்போது பிரபஞ்சம் முழுவதும் 2.7 கெல்வினில் நுண்ணலைக் கதிர்வீச்சு நிரம்பியிருக்கிறது. நமக்குத் தெரிந்த கருந்துளை ஒவ்வொன்றும் அதைவிடக் கோடி மடங்குக்கு மேல் குளிர்ந்தது. ஆக, இன்றைக்கு அவை விடுவதைவிட விழுங்குவதே அதிகம். நிலவைவிடக் குறைந்த நிறை இருந்தால்தான் இந்தச் சூழலில் இளைக்கவே தொடங்கும்.

மொட்டைமாடி:
அப்படியானால் ஹாக்கிங் கதிர்வீச்சை யாருமே பார்த்ததில்லையா?

துடிவிண்மீன்:
வானத்தில் பார்த்ததில்லை. பெருவெடிப்புக் காலத்துக் குட்டிக் கருந்துளைகள் இருந்தால் அவை வெடித்துச் சாகும்போது காமாக் கதிர் வர வேண்டும். ஃபெர்மி தொலைநோக்கியில் தேடியிருக்கிறார்கள், உறுதியாக ஒன்றும் அகப்படவில்லை. ஆய்வகத்தில் வேறு விதமாகச் செய்தார்கள். ஒளிக்கு இருப்பது போல ஒலிக்கென்றும் ஓர் எல்லையை உண்டாக்கலாம் என்று 1981-இல் இயற்பியலாளர் உன்ரு சொன்னார்: பாய்மம் ஒலியைவிட வேகமாக ஓடினால் அதை எதிர்த்து ஒலி ஏறி வர முடியாது. இஸ்ரேலின் டெக்னியானில் ஜெஃப் ஸ்டைன்ஹாவர் அதீதமாகக் குளிரூட்டிய ருபிடியம் அணுக்களை வைத்து அப்படி ஒன்றை அமைத்து, எல்லையின் இரு பக்கமும் இணையிணையாக ஒலித்துகள்கள் வருவதை 2016-இல் வெளியிட்டார்.

சுழியம்:
ஒலிக்கு நடந்தது ஈர்ப்புக்கும் நடக்கும் என்று அது நிரூபிக்காது.

துடிவிண்மீன்:
நிரூபிக்காது. கணிதம் ஒரே கணிதம் என்று காட்டும், அவ்வளவுதான். உங்கள் துப்பாக்கிக்காரருக்கு வருகிறேன். அவர் சமிக்ஞை வராது, சரி. ஆனால் "எங்கிருந்து எதுவும் ஒருபோதும் வெளியேறாதோ அதுதான் நிகழ்வெல்லை" என்பதே உங்கள் வரையறை. அந்தக் கோட்டை வரைய பிரபஞ்சத்தின் எதிர்காலம் முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். கடைசியில் ஆவியாகித் தீர்ந்துபோகும் ஒன்றுக்கு அப்படி ஒரு கோடு உண்மையிலேயே இருக்கிறதா? 2014-இல் ஹாக்கிங்கே இல்லை என்றார், ஒளியை நீண்ட காலம் பிடித்துவைக்கும் தோற்ற எல்லைதான் உண்டு என்றார். அதை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சுழியம்:
கடைசி வாக்கியத்துக்கு நன்றி. "ஒருபோதும்" என்பதை விட்டுக்கொடுக்கிறேன். "உள்ளேயிருந்து" என்பதை விட மாட்டேன்.

துடிவிண்மீன்:
நான் "அதே துகள்" என்பதைக் கேட்கவே இல்லை. "உள்ளேயிருந்து" பற்றி இன்னொரு திரியில் சண்டை போடலாம்.

நூலேணி:
இருவருக்கும் நன்றி. எலக்ட்ரான் சிறியது என்பதால் நழுவும் என்ற என் கட்சி முதல் பதிவிலேயே காலி என்பது புரிந்தது, மச்சானிடம் சொல்லியும் விட்டேன். அவன் இப்போது புதிதாக ஒன்றைக் கிளப்புகிறான்: எதுவுமே வெளியே வராதென்றால் கருந்துளையின் ஈர்ப்பு மட்டும் எப்படி வெளியே வந்து இழுக்கிறது?

சுழியம்:
அது வெளியே வரவே இல்லை. விண்மீன் இடிந்து விழுவதற்கு முன்பே வெளியே இருந்தது, அப்படியே தங்கிவிட்டது. சூரியன் இந்த நொடியில் 3 கி.மீ. ஆரத்துக்குள் சுருங்கினாலும் பூமி அதே பாதையில்தான் சுற்றும்.

கடைசிபெஞ்ச்:
இருட்டில்.